எதிர்க்கடைக்கு நான் அனுப்பிய கூட்டம்

ஜூலை 8, திங்கள்

நேற்று மோட்டார் போட மறந்ததால் காலையில் குழாயில் தண்ணீர் இல்லை. பார்லரைத் திறக்கப் பத்தரை ஆகிவிட்டது. கடையில் உதவிக்கு இருக்கும் கொளஞ்சி எனக்கு முன்பே வந்து படியில் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, எதிர்ல பாருங்க" என்றாள்.

எதிர் மாடியில் போர்டு ஏறியிருக்கிறது. ரோஸ் நிறம். 'மேனகா ப்யூட்டி லவுஞ்ச்'.

ஒன்பது வருடம் என்னிடம் வேலை செய்தவள். மே மாதம் நின்றாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். நான் நம்பி ஒரு புடவையும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். லாஸ்பேட்டையில் வேறு தெருவே கிடைக்கவில்லையா இவளுக்கு?

ஜூலை 11, வியாழன்

செல்வாம்பாள் டீச்சர் தலைக்குச் சாயம் போட வந்தார். பன்னிரண்டு வருட வாடிக்கை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மேரி, ஒங்கிட்ட சொல்லாம இருக்க முடில. அந்தப் பொண்ணு எனக்கு போன் பண்ணுச்சு. 'அக்காவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு டீச்சர், புருவம் ஏத்த எறக்கமா எடுக்கறாங்க, எங்கிட்ட வாங்க'ன்னுது."

டீச்சர் நம்பர் அவளுக்கு எப்படிக் கிடைத்தது? என் போனிலிருந்துதான். மொத்த வாடிக்கையாளர் நம்பரையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

நம்பரைத் திருடியதைக்கூட விட்டுவிடலாம். கண்ணைச் சொன்னாளே. போன வருடம் கண்ணாடி மாட்டியதிலிருந்து எனக்கே உள்ளுக்குள் இருக்கும் பயம் அது. அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

சும்மா விடமாட்டேன்.

ஜூலை 15, திங்கள்

கூப்பன் விற்கும் ஆள் வந்தான். எழிலரசன் என்று பெயர், டை கட்டியிருந்தான். போன் செயலியில் நம் கடைக்குத் தள்ளுபடி போடுவார்களாம். ஆடி மாதம், கல்யாணம் கிடையாது, கடை காற்றாடும், அப்போது கூட்டம் சேரும் என்றான்.

"எதிர்ல மேனகா மேடம் நேத்தே கையெழுத்து போட்டுட்டாங்க மேடம். நீங்க மட்டும் போடலன்னா எப்டி?"

என்ன போட்டிருக்கிறாள் என்று கேட்டேன். ஃபேஷியல், பெடிக்யூர், முடி வெட்டு மூன்றும் சேர்த்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. ஆயிரத்து எண்ணூறு ரூபாய் வேலை அது. வருவதில் பாதி செயலிக்காரனுக்கு. ஒருத்திக்கு இரண்டரை மணி நேரம் குனிந்து வேலை செய்தால் இவள் கைக்கு வருவது கிரீம் செலவுக்கே காணாது.

"எத்தன பேருக்குக் குடுத்திருக்கா?"

"நம்பர் எழுதல மேடம். அந்தக் கட்டத்தக் காலியா வுட்டா எத்தன பேரு வேணா வாங்கலாம்."

"பாதியில நிறுத்தணும்னா?"

"ஒரு போன் பண்ணா அன்னிக்கே விக்கறத நிறுத்திடுவோம். ஆனா அவங்களா கேக்கணும். நாங்களா நிறுத்த மாட்டோம்." சிரித்தான்.

யோசித்துச் சொல்கிறேன் என்று படிவத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

இன்று கடைக்கு விடுமுறை. படிவத்தை மூன்று தடவை படித்தேன். நாலாம் பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது: ஆறு மாதம் செல்லும். கூப்பன் கொண்டுவந்தவரைத் திருப்பி அனுப்பினால் கடைக்காரர் அபராதம் கட்ட வேண்டும்.

அவளிடம் இருப்பது இரண்டு நாற்காலி, இரண்டு பெண்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு நான் குழி வெட்டவே தேவையில்லை. அவளே வெட்டி வைத்திருக்கிறாள். ஆட்களைக் கூட்டிக் கொண்டுபோய் விட்டால் போதும்.

ஜூலை 17, புதன் (ஆடி முதல் நாள்)

எல்லா வாட்ஸப் குழுவுக்கும் அனுப்பினேன். கோயில் பெண்கள் சபை, இரண்டு அபார்ட்மென்ட் குழு, பழைய தையல் வகுப்பு, காலேஜ் ஹாஸ்டல் வார்டன் வழியாக அந்தப் பெண்கள் குழு. இதுதான் செய்தி:

'என்னிடம் ஒன்பது வருடம் வேலை பார்த்த மேனகா தனியாகக் கடை திறந்திருக்கிறாள். கை சுத்தம், வேலை சுத்தம். இந்தக் கூப்பனைத் தவறவிடாதீர்கள். வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்களோ அத்தனை வாங்கி வையுங்கள். அன்புடன், அந்தோணிமேரி.'

எவ்வளவு பெரிய மனசு என்று பதிலுக்குக் கைகூப்பும் படமாக வந்து குவிந்தது. நெல்சன் மட்டும் மின்துறை ஆபீசிலிருந்து போன் செய்தார். "இன்னா மேரி, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

இருபத்து நாலு வருடக் குடித்தனம். புருஷனை ஏமாற்ற முடியவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

பூசையில் மன்னிப்பைப் பற்றிய வரி வந்தபோது வாய் மட்டும் அசைந்தது. கோயில் விட்டு வெளியே வரும்போதே போனைப் பார்த்தேன். 'இதுவரை வாங்கியவர்கள் 112.'

ஜூலை 27, சனி

மேனகா வந்தாள்.

படியேறி வந்து வாசலிலேயே நின்றாள். கையில் ஸ்வீட் டப்பா. கொளஞ்சி என் முகத்தைப் பார்த்தாள். நான் சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"வர்றவங்கள்லாம் ஒங்க பேரத்தான் சொல்றாங்கக்கா. மேரி அக்கா அனுப்புனாங்க, மேரி அக்கா அனுப்புனாங்கன்னு. நான் ஒங்களப் பத்தி இன்னா பேசுனேன்னு ஒங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ... ரெண்டு நாளா தூக்கமே இல்ல. நீங்க இப்டி செய்வீங்கன்னு நெனைக்கவே இல்லக்கா." அழுதுவிட்டாள்.

என் நாக்கு நுனியில் அந்த ஒரு வார்த்தை இருந்தது. போன் போட்டு நிறுத்துடி என்று. இருநூறைத் தாண்டவில்லை இன்னும். மூச்சு முட்டினாலும் பிழைத்துக்கொள்வாள்.

"நல்லா இரு" என்று சொல்லி டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

கண் மங்கியவள் நான். ஏற்ற இறக்கமாக எடுப்பவள் நான். அழட்டும். ஒரு தடவை அழுதால் தீர்ந்துவிடுமா?

ஸ்வீட்டை கொளஞ்சி பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். ஒன்றுகூட வாயில் வைக்கவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

கூட்டம் தொடங்கிவிட்டது. அவள் படிக்கட்டில் செருப்பு வைக்க இடமில்லை, தெருவில் ஸ்கூட்டர் இரட்டை வரிசை. வீராம்பட்டினம் தேருக்குப் போகும் பெண்கள் அதற்குள் முடித்துக் கொடு என்று நெருக்குகிறார்களாம். என் பக்கம் இன்று நாலே பேர். கவலையில்லை. ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டுக் காபி குடித்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

வாங்கியவர்கள் 341. அவளுடைய இரண்டு பெண்களில் ஒருத்தி நின்றுவிட்டாள்.

ஆகஸ்ட் 24, சனி

ஆவணி முகூர்த்தம் வந்துவிட்டது. எனக்கே மூன்று கல்யாணப்பெண் அலங்காரம்.

அவள் கடை வீட்டுக்காரர் பிரான்சுவா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'சொல்தா'தான், பிரெஞ்சில் சிப்பாய் என்று. மனைவியைக் கூப்பிட்டுப்போக வந்தவர் புலம்பினார்: "காலைல ஏழுக்குத் தொறக்குது அந்தப் பொண்ணு. சாப்புடறதில்ல. நேத்து மாடிப்படியில ஒக்காந்து பிரெட்டத் தண்ணில நனச்சித் தின்னுகிட்டு இருந்துச்சி, மதாம்."

நான் பாவம் என்றேன். சொன்னபோது உள்ளே இனித்தது. இங்கே யாரும் படிக்கப்போவதில்லை, எழுதினால் என்ன. இனித்தது.

செப்டம்பர் 5, வியாழன்

இன்று உச்சம். முழுப் பணம் பேசி முன்பணமும் கொடுத்திருந்த கல்யாணப்பெண், பெயர் ஜூலி, அங்கே ஒன்றரை மணி நேரம் காத்திருந்தாள். நாற்காலி இரண்டிலும் கூப்பன்காரிகள். ஒருத்தி எழுந்திருக்க மாட்டேன், நானும் காசு கொடுத்தவள்தான் என்று கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. ஜூலியின் அம்மா மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு என் படியேறினாள்.

நான் செய்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்து, இரண்டு புருவமும் தராசு மாதிரி. போகும்போது அந்தப் பெண்ணை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தேன். எதிர் மாடிக்குத் தெரிகிற மாதிரி.

மேனகா ஜன்னலில் நின்றாள். பார்த்தாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

செயலியில் அவள் கடைக்கு ஒற்றை நட்சத்திரமாக விழுகிறது. 'அழுக்குத் துண்டு.' 'பாதி முகத்தில் எழுப்பிவிட்டார்கள்.' 'பேச்சு சரியில்லை.' மாதா பிறந்தநாள் பூசைக்குப் போகவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன்.

செப்டம்பர் 21, சனி

மூன்று நாளாக ஷட்டர் திறக்கவில்லை. இன்று ஆள் வைத்து போர்டைக் கழற்றுகிறார்கள்.

ஜெயித்துவிட்டேன். வேறென்ன எழுத?

செப்டம்பர் 23, திங்கள்

காலையிலேயே ஏழு பெண்கள் என் படியில். எல்லோர் கையிலும் போனில் கூப்பன்.

எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை என்றேன். ஒரு ஹாஸ்டல் பெண் என் செய்தியையே எடுத்து எனக்குப் படித்துக் காட்டினாள். 'வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்களோ அத்தனை வாங்கி வையுங்கள். அன்புடன், அந்தோணிமேரி.' செயலிக்காரர்கள் போனே எடுப்பதில்லையாம்.

பின்னால் செல்வாம்பாள் டீச்சர் நின்றிருந்தார். நான்கு வாங்கியிருந்தார். மகளுக்கு, மருமகளுக்கு, பேத்திகளுக்கு.

"நான் அவள நம்பி வாங்கல மேரி. ஒன் வாய நம்பி வாங்குனேன்."

அவ்வளவுதான் சொன்னார். படியிறங்கிப் போய்விட்டார்.

செப்டம்பர் 24, செவ்வாய்

மேனகா வீட்டுக்குப் போனேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. நெல்சன் முனை வரை வண்டியில் விட்டார். எதற்குப் போகிறாய் என்று கேட்கவில்லை.

அவள் கட்டிலில் உட்கார்ந்து விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பத்து விரலிலும் தோல் வெடித்துச் சிவந்திருந்தது. நாள் முழுக்க சோப்புத் தண்ணீரில் ஊறிய கை. உள் அறையில் அவள் அம்மா படுத்திருந்தாள், வாய் கோணி, ஒரு பக்கம் அசைவில்லாமல். அப்படியானால் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மே மாதம் சொன்னது பொய் இல்லை.

"ஒக்காருங்கக்கா" என்றாள்.

உட்காராமலேயே சொன்னேன். வேண்டுமென்றே அனுப்பினேன் என்று. நீ நம்பர் எழுதாமல் விட்டது தெரிந்துதான் அனுப்பினேன் என்று.

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தாள். "போன் பண்ணா நிறுத்தலாமாமே. நாலு நாளு முன்னாடிதான் எனக்குத் தெரிஞ்சிச்சி. ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

"மொதல்லயே."

"நான் ஸ்வீட் எடுத்துட்டு வந்தன்னிக்கு?"

"தெரியும்."

"நான் ஒங்களப் பத்தி பேசுனது தப்பு. நம்பர எடுத்தது தப்பு. கோவத்துல செஞ்சேன். போன வருசம் கடைல ஒரு பங்கு தாங்க, நானும் பணம் போடறேன்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா? வாடிக்கக்காரங்க முன்னாடி சிரிச்சீங்க." குரலே ஏறவில்லை அவளுக்கு. "ஆனா நான் ஒரு வார்த்தை பேசிட்டுப் போய்ட்டேன். நீங்க ரெண்டு மாசம் ஒக்காந்து பாத்துகிட்டு இருந்தீங்க."

சிரித்தேனா? சிரித்தேன். நாலு பேர் எதிரில். இந்தக் குறிப்பில் அதை ஏன் இதுவரை எழுதவில்லை நான்?

கூப்பன் பெண்கள் என் படியில் நிற்பதைச் சொன்னேன். எத்தனை பாக்கி என்று கேட்டாள். குழுக்களில் கேட்டு எண்ணியதில் எண்பதுக்கு மேல் என்றேன்.

"எம் பேருல வாங்குனவங்கள நானே முடிச்சிடறேன். எடம் மட்டும் குடுங்க. ஒங்க காசு, ஒங்க கிரீம் எதுவும் வேணாம்."

அக்கா என்று முடிக்கவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

இரண்டாவது நாற்காலி அவளுக்கு. கையுறை மாட்டிக்கொண்டு செய்கிறாள். கொளஞ்சியோடு பேசுகிறாள், வருகிறவர்களோடு சிரிக்கிறாள். என்னோடு இல்லை. என் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டு என்னையே ஆகாதவளாக்குகிறாளே என்று எரிச்சல்தான் வருகிறது. உண்மையைத்தான் எழுதுகிறேன்.

அக்டோபர் 17, வியாழன்

எழிலரசன் திரும்ப வந்தான், தீபாவளி டீல் என்று. மழையில் நனைந்து வந்தவனை உட்கார வைத்தேன். கடை கொஞ்சம் மந்தம். ஒரு முப்பது பேருக்குப் போடலாமா, வாரநாளில் மட்டும், த்ரெட்டிங்குக்கு மட்டும் என்று ஒரு யோசனை. பேனாவை எடுத்துவிட்டேன்.

மேனகா ஒரு பெண்ணுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே சொன்னாள்: "எண்ணிக்கைய எழுதிட்டுக் கையெழுத்து போடுங்க. காலியா வுடாதீங்க."

கத்தரி நிற்கவில்லை.

நான் அவளிடம் சொல்லாமல் விழுங்கிய எச்சரிக்கை. அதை எடுத்து அப்படியே என் கையில் கொடுத்துவிட்டாள். இதைவிடப் பெரிய பழியை நானாக யோசித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். செவிட்டில் அறைந்திருந்தால் திருப்பி அறைந்திருக்கலாம்.

கையெழுத்துப் போடவில்லை. பையனை அனுப்பிவிட்டு உள்ளே போய்த் துண்டெல்லாம் எடுத்துத் துவைத்தேன். கொளஞ்சி துவைத்து மடித்து வைத்திருந்த துண்டுகள்.

நவம்பர் 13, புதன்

கடைசி கூப்பன் முடிந்தது. செல்வாம்பாள் டீச்சர் பேத்தி. டீச்சர் கீழே ஆட்டோவிலேயே இருந்தார், மேலே வரவில்லை.

மேனகா சீப்பு, கத்தரி, கையுறை எல்லாம் பையில் போட்டாள். நாற்காலியைத் துடைத்து வைத்தாள். மன்னிச்சிடு என்று சொல்ல வாயெடுத்தேன். "வேணாம் மேடம்" என்றாள். கோபமாகக்கூட இல்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

கணக்குப் பார்க்க நான் மட்டும் கடைக்கு வந்திருந்தேன். விடுமுறை என்று தெரியாமல் ஒரு பெண் வந்து மணியடித்தாள். கூப்பனில் ஒரு தடவை வந்தவளாம். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம்.

"கையுறை போட்டுகிட்டு செய்வாங்களே, அந்த அக்கா இல்லீங்களா? அவங்ககிட்டதான் செஞ்சுக்கணும்."

இல்லை என்று சொல்லி நாற்காலியைக் காட்டியிருக்கலாம். நானும் நன்றாகத்தான் செய்வேன். அவள் வீடு திரும்புவதற்குள் மனசு மாறியிருக்கும்.

"தவளக்குப்பம் சந்திப்புல எறங்குனா மருந்துக்கடை இருக்கும். அதுக்கு மாடில. ரெண்டு வாரம் ஆச்சு தொறந்து. செவ்வாக்கிழமையும் இருப்பா."

நல்லவள், கை சுத்தம், வேலை சுத்தம் என்றெல்லாம் எதுவும் சொல்லவில்லை. இடத்தை மட்டும் சொன்னேன். அந்தப் பெண் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு கடலூர் ரோடு பக்கம் போனாள்.