ஜெபக் குறிப்பு ஈமெயிலில் போன மாதம்

அன்புள்ள அக்கா,

இன்று காலை இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது செல்போன் கூவியது. நம் சபையிலிருந்து எஸ்.எம்.எஸ். தமிழ்தான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். அரை மணி நேரம் எழுத்துக் கூட்டி, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் என்று கண்டுபிடித்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், அதற்காக என்னை யாரும் ஒதுக்கிவிட முடியாது. உடனே உங்களிடம் சொல்லிப் பெருமையடிக்கத் தோன்றியது. நீங்கள் கர்த்தரிடம் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

சபைப் பத்திரிகை காகிதத்தில் வந்த காலத்தில், மாதத்தின் முதல் சனிக்கிழமை நாம் இருவரும் சேலையூரில் தொடங்கி ராஜகீழ்ப்பாக்கம் வரை வீடு வீடாகக் கொடுத்து வருவோம். பத்திரிகை ஒரு சாக்குத்தான். "உள்ள வாங்க சிஸ்டர்" என்பார்கள். காபி வரும். காபிக்குப் பின்னால் கஷ்டம் வரும். நான் சீட்டில் எழுதிக்கொள்வேன். போதகர் அதை வாசித்து, ஜெபித்து, கிழித்துப் போட்டுவிடுவார். டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராக ஆயுசெல்லாம் லைன் கொடுத்த நீங்கள், வழியில் அந்த வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டீர்கள். நான் ஆரம்பித்தால், "வெயில் ஏறுது, நட" என்பீர்கள்.

பிறகு புது செக்ரட்டரி வந்தார். இனி அச்சு வேண்டாம், எல்லாம் ஈமெயில், வெளிநாட்டில் இருக்கிற சபையாருக்கும் போகும் என்றார். ஜெபக் குறிப்புகளையும் ஆபீஸில் கொடுத்தால் டைப் அடித்து, கொண்டுவந்தவர் பெயரையும் போடுவாராம். அமெரிக்காவில் என் பேரன் கம்ப்யூட்டரைத் திறந்தால் ஆயா பெயர் இருக்கும்! அந்த மாதம் எழுதியதுபோல் நீளமாக நான் என்றைக்கும் எழுதியதில்லை. ராஜகீழ்ப்பாக்கத்து அம்மா தன் மகளின் கல்யாண வாழ்க்கையைப் பற்றிச் சொல்லி அழுததை, ஒன்று விடாமல், பெயரோடு எழுதிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை பேரன் போன் பண்ணி, "ஆயா, உன் பேரு வந்துக்குது!" என்று சிரித்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. புதன்கிழமை நீங்கள் வந்தீர்கள். அந்த மகளுடைய மாப்பிள்ளையின் அத்தையும் நம் சபைதான், கனடாவில் இருக்கிறாள், ஈமெயிலைப் படித்துவிட்டாள். சமாதானம் பேச ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்த மாப்பிள்ளை வீட்டார், ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு எங்களைக் கூப்பிடுகிறீர்களா என்று வராமல் நின்றுவிட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு, "புடவைய மாத்து, போலாம்" என்றீர்கள்.

அந்த அம்மா கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே கேட்டாள்: "போதகர் காதுல போடுங்கன்னுதான சொன்னேன்? கனடா காதுல யாரு போடச் சொன்னது?"

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "நான்தான் எழுதிக் கொடுத்தேன். என் பேரு வரணும்னு எழுதினேன்" என்று நானே சொன்னேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பஸ்ஸில் எனக்கு அழுகையும் கோபமும். "ஏங்கா, எனக்காக ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா நீ என் முகத்தையே பாத்துகினு இருந்திருப்ப. அவ முகத்த நீ பாக்கணும்."

அடுத்த வாரம் கமிட்டியில் கேட்டீர்கள், போதகருக்கு ஒரு சீட்டு, கம்ப்யூட்டருக்கு வேறு சீட்டு வேண்டும் என்று. செக்ரட்டரி சிரித்தார். "சிஸ்டர், இது எக்சேஞ்ச் காலம் இல்ல."

"ஆமா தம்பி. அங்க லைன் குடுத்துட்டு காதை எடுத்துடுவோம். நீங்க லைனும் குடுத்து, மைக்கும் வெச்சிருக்கீங்க."

போதகரே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு சீட்டு. ஈமெயிலில் பெயர் போட வேண்டுமானால் அந்த வீட்டார் கையெழுத்து வேண்டும். உங்களைக் கம்ப்யூட்டருக்கு விரோதி என்று சிலர் பேசினார்கள். அப்படி இல்லை. வயதானவர்களுக்குப் பிரசங்கத்தை சி.டி.யில் பதிந்து கொடுங்கள் என்று முதலில் கேட்டவரும் நீங்கள்தான்.

அந்தப் பெண்ணின் குடும்பம் சேரவில்லை அக்கா. என் சீட்டால்தான் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

இப்போது பத்திரிகையே கிடையாது. ஆனாலும் முதல் சனிக்கிழமை நான் போகிறேன். "இன்னா சிஸ்டர், கைய வீசிகினு வர்றீங்க?" என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும், காபி கொடுக்கிறார்களே. ராஜகீழ்ப்பாக்கத்து கேட் முன்னால் மட்டும் ஒரு நிமிஷம் நிற்பேன். பிறகு நடப்பேன். எத்தனையோ மாதம் அப்படித்தான்.

போன சனிக்கிழமை கேட் திறந்தது. அவள் இளைத்துப்போயிருந்தாள். "உள்ள வாங்க" என்றாள். சிஸ்டர் என்று சொல்லவில்லை. காபி கொண்டுவந்து வைத்தாள். பிறகு ஒரு விஷயம் சொன்னாள். நான் பேனாவைத் தேடவில்லை. "போதகர்கிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வீடு வரைக்கும் பஸ் ஏறாமல் நடந்தே வந்தேன். தினமும் ஜெபிக்க முழங்கால் போடும்போது அதைச் சொல்கிறேன், வாய் திறக்காமல். என்ன விஷயம் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். கேட்டாலும், அக்கா, உங்களுக்கும் எழுத மாட்டேன்.