கசிவு இல்லையென்று காட்டுங்கள்

6 சனவரி 2025, திங்கள்

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இன்று உப்புப் பகுப்பாய்வு. வேதியியல் ஆய்வகத்தைத் திறந்ததும் இசைவாணி மூக்கைப் பொத்தினாள். “டீச்சர், கேஸ் வாடை வருது.” எனக்கும் வந்தது. நல்லவேளை, பர்னர் எதையும் பற்ற வைக்கவில்லை. எல்லாரையும் வெளியே அனுப்பி, சன்னல்களைத் திறந்துவிட்டு, பின்பக்கம் ஓடிப்போய் சிலிண்டரை மூடினேன். பாடம் வேப்பமரத்தடியில்தான் நடந்தது. தலைவலி இன்னும் போகவில்லை.

7 சனவரி, செவ்வாய்

சிலிண்டரைத் திறந்து, குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு இடத்தில் நுரை குமிழ் குமிழாக முட்டிக்கொண்டு வந்தது. உடனே மூடிவிட்டேன். இது கண்ணுக்குத் தெரிகிற இடம். சுவருக்குள் போகிற குழாயை யார் பார்ப்பது?

தலைமையாசிரியர் தேவாசீர்வாதம் சாரிடம் கேட்டேன்: “இந்த லைனுக்குக் கசிவுச் சோதனை எப்ப சார் செஞ்சது?”

“அது நான் வாறதுக்கு முன்னாடி போட்ட குழாயாச்சேம்மா” என்றார்.

இதற்குப் பெயர் பதிலா?

9 சனவரி, வியாழன்

தாளாளர் அனுப்பிய ஆள் வந்தார். நுரை வந்த இடத்தில் டேப்பைச் சுற்றினார். “முடிஞ்சது டீச்சர்” என்று கிளம்பிவிட்டார். புரையோடின புண்ணுக்குப் பவுடர் போட்ட மாதிரி.

சாயங்காலம் தாளாளர் நவநீதகிருஷ்ணனே போன் செய்தார். நாளைக்கு ஆய்வகத்தைத் திறக்க வேண்டுமாம். பொதுத்தேர்வு செய்முறை வருகிறதாம்.

“குழாய் முழுக்கக் காத்தை ஏத்தி, அழுத்தம் இறங்குதான்னு பாக்கணும் சார். அதுக்குன்னு ஆளுக இருக்காங்க.”

“எனக்கே பாதுகாப்பு சொல்லித் தாறீகளா? ரெண்டு பட்டாசுக் கம்பெனி நடத்துதேன்மா.”

அதனால்தான் சார் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது — என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

10 சனவரி, வெள்ளி

சொல்லாததைச் செய்துவிட்டேன். ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டர் வாயை மூடிபோட்டு அடைத்து, ரெகுலேட்டரைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அரிசி டிரம்முக்குள் கிடக்கிறது. இது திருட்டா? இருந்துவிட்டுப் போகட்டும்.

என் வீட்டுக்காரர் சாம் அச்சு பிரஸ்ஸிலிருந்து வந்து, உலை வைக்க அரிசி எடுக்கப்போய் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். விசயத்தைச் சொன்னேன்.

“ஸ்வீட்டி, நீ அங்க நிரந்தரம்கூட கெடையாது. வேலை போயிரும்.”

“பிள்ளைக உசுரு போறதுக்குப் பதிலா வேலை போகட்டும் அத்தான்.”

அவர் அதைத் திரும்ப அரிசிக்குள்ளேயே வைத்துவிட்டு உலை வைக்கப் போனார்.

20 சனவரி, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து போனால், சிலிண்டரில் புது ரெகுலேட்டர்! எம்புட்டு சுலபமாக என்னைத் தோற்கடித்துவிட்டார்கள். எனக்கே சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு வரவில்லை.

ஆய்வக வாசலில் குறுக்கே நின்றேன். பிள்ளைகளை உள்ளே விடவில்லை. தலைமையாசிரியர் ஓடிவந்தார்.

“உங்களுக்குப் பதிலா வேற ஆளைப் போட்டுருவாகம்மா.”

“போடட்டும் சார். அந்த ஆளும் என்னைத் தள்ளிட்டுத்தான் உள்ள போகணும்.”

பிள்ளைகளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். வீட்டிலும் சொல்லச் சொன்னேன்.

21 சனவரி, செவ்வாய்

இன்றும் நின்றேன். கால் வலி.

24 சனவரி, வெள்ளி

பெற்றோர் கூட்டம். இதை நிதானமாக எழுத வேண்டும்.

தாளாளர் மேடையில் என் பேரைச் சொல்லாமல் என்னைத்தான் பேசினார். “ஒருத்தர் வீம்புக்காக நூறு பிள்ளைக படிப்பு கெடுது.” நான் எழுந்தேன். “கசிவு இல்லைன்னு சோதிச்சுக் காட்டுங்க சார், இந்த நிமிசமே பாடம் நடத்துதேன்” என்றேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

அப்போதுதான் இசைவாணியின் அம்மா வள்ளித்தாய் எழுந்தார். தாளாளருடைய பட்டாசுக் கம்பெனியிலேயே திரி வைக்கிற வேலை பார்க்கிறவர். வேண்டாம்மா, உட்காருங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“மொதலாளி, கம்பெனி வாசல்ல போனை வாங்கி வச்சிருதீக. செருப்பைக் களட்டச் சொல்லுதீக. ஒடம்புல உள்ள கரண்டு எறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுட்டுத்தான் உள்ள போறோம். வெடிமருந்து அள்ளுற எங்களையே அம்புட்டு பாக்கீக. எம் புள்ள தீப்பத்த வைக்கிற ரூமை ஒருக்காப் பாக்கக் கூடாதா? பாக்காம அவ உள்ள போக மாட்டா.”

“எம் பிள்ளையும் போகாது.” பின்னாலிருந்து ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. கடைசி வரிசையில் சாம் நின்றார் — ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார், என்னிடம் சொல்லவே இல்லை.

தாளாளர் தலைமையாசிரியர் பக்கம் திரும்பி, “சோதிக்கிற ஆளை வரச் சொல்லுங்க” என்றார்.

28 சனவரி, செவ்வாய்

சோதனை நடந்தது. குழாய்க்குள் காற்றை ஏற்றி, எல்லா வழியையும் அடைத்து, அழுத்தமானியைப் பார்த்தபடி நின்றோம். முள் இறங்கியது. நிற்காமல் இறங்கியது. சுவரை உடைத்தார்கள். உள்ளே குழாய் துருவேறி, விரலால் தொட்டால் உதிர்கிறது.

ஜெயித்துவிட்டேன் என்று தோன்றவே இல்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வருசப் பிள்ளைகள் இந்தச் சுவரில் சாய்ந்து நின்றிருப்பார்கள், கர்த்தாவே.

சுவருக்கு வெளியே புதுக்குழாய் போடப்போகிறார்கள். வருசா வருசம் சோதித்த பிறகே ஆய்வகம் திறக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்டதற்குத் தாளாளர் எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டார். வள்ளித்தாயை ஒன்றும் செய்யவில்லை. ஆர்டர் குவிந்து கிடக்கிற நேரத்தில் அப்படி வேலை தெரிந்த கைக்கு எங்கே போவார்?

10 பிப்ரவரி, திங்கள்

செய்முறைத் தேர்வு. புதுக்குழாயில் பர்னரெல்லாம் நீலமாக எரிந்தது. இசைவாணிக்கு உப்பு சரியாக வந்துவிட்டது.

30 ஏப்ரல், புதன்

“அடுத்த வருசம் உங்களுக்கு வகுப்பு இல்லம்மா.” தேவாசீர்வாதம் சார் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். காரணம் கேட்கவில்லை, அவரைப் பொய் சொல்ல வைப்பானேன்? அந்தப் பழைய ரெகுலேட்டரை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

நான் அழவில்லை.

அழுதேன். பஸ்ஸில்.

21 சனவரி 2026, புதன்

மல்லாங்கிணறு பக்கம் இந்தப் பள்ளியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகப்போகிறது. பஸ் தூரம்தான். பிள்ளைகள் கெட்டி.

சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன். ஆர்த்தியாம். என் பழைய பள்ளியில் இப்போது வேதியியல் எடுக்கிறவள். வள்ளித்தாய் நம்பர் கொடுத்தாராம். அவருடைய சின்ன மகள் இப்போது அங்கேதான் படிக்கிறாள்.

“மேடம், இந்த வருசக் கசிவுச் சோதனையை அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்னு தாளாளர் சொல்லிட்டாரு. இன்னைக்குக் கூட்டத்துல பெத்தவங்க ஒருத்தர்கூட நாற்காலியை விட்டு எந்திரிக்கல. சோதிக்கிற ஆள் வாற தேதியைத் தாளாளர் சொன்ன பெறகுதான் வீட்டுக்குப் போனாங்க.”

“நீங்க என்ன செஞ்சீக?”

“நானும் அவங்களோட உக்காந்துட்டேன். என்னை இன்னும் நிரந்தரம் பண்ணல மேடம். பயமா இருக்கு.”

“பயந்துக்கிட்டே உக்காருங்க” என்றேன். “நானும் அப்படித்தான் நின்னேன்.”