பயனர் ரத்து செய்தார்

மார்ச் 3, செவ்வாய்

துடியலூரிலிருந்து அலுவலகத்துக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

எங்கள் ஆம்புலன்ஸ் செயலியைப் பற்றி ஒரு புகார். ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்பு வீட்டுக்குக் கிளம்பிய வண்டி பாதி வழியில் திரும்பிவிட்டதாம். பதிவைப் பார்த்தேன். ‘பயனர் ரத்து செய்தார்’ என்று இருந்தது. மேலாளர் மனோஜ்குமார் சார், “அப்புறமென்னங்க, அவரே கேன்சல் பண்ணிட்டாரு. அப்படியே பதில் போட்டுருங்க” என்றார். போட்டுவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

பதிலைப் பார்த்துவிட்டு, புகார் செய்தவரே அழைத்தார். பெயர் அழகிரிசாமி. வயதான குரல்.

“நான் எதுக்குங்க அம்மணி வேண்டாம்பேன்? அவ நெஞ்சப் புடிச்சுட்டு உழுந்து கெடக்கறா. போன்ல வண்டி வருது வருதுன்னே காட்டுச்சுங்க. கேட்டத் தொறந்து வெச்சுட்டு ரோட்டையே பாத்துட்டு நின்னனுங்க.”

அவர் மனைவி தெய்வாத்தாள். பக்கத்துத் தோட்டத்துக் காரில் ஏற்றும்போதே உயிர் இல்லையாம்.

வருது என்று காட்டியதா? ரத்து செய்தவருக்கு அப்படிக் காட்டாதே.

மார்ச் 6, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

ஒருவர் வண்டி கேட்டதும் பின்னால் பல வேலைகள் ஓடுகின்றன: வண்டியைத் தேடுவது, டிரைவருக்குச் சொல்வது, ஆஸ்பத்திரிக்குச் சொல்வது. நடுவில் வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் நிறுத்த ஒரு ரத்துச் சைகை உண்டு. பட்டனை அமுக்கினாலும் அந்தச் சைகைதான் போகிறது. போனில் சிக்னல் அறுந்தாலும் அதே சைகைதான். எதனால் வந்தது என்று நிரலில் எந்த இடத்திலும் கேட்கவில்லை. வண்டியைத் திருப்பிவிட்டு ‘பயனர் ரத்து செய்தார்’ என்று எழுதிவிடுகிறது. சிக்னல் இல்லாத போனோ கடைசியாக வந்த திரையையே காட்டிக்கொண்டிருக்கும். வண்டி வருகிறது, வருகிறது...

நிஜ வண்டி கிளம்பாத சோதனைப் போனில் வண்டி கேட்டு, நடுவில் சிக்னலை அணைத்துப் பார்த்தேன். ரத்து. மறுபடியும் ரத்து.

பக்கத்து இருக்கை இல்யாஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனும் ஒருமுறை செய்து பார்த்தான். ரத்து.

மார்ச் 9, திங்கள்

மனோஜ்குமார் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

“சரி பண்ணிருங்க. ஆனா அந்தப் பெரியவருகிட்ட எதுவும் பேச வேண்டாம். நீங்கதான் கேன்சல் பண்ணுனீங்கன்னு பதில் போயிருச்சுல்ல? இப்ப மாத்திச் சொன்னா கம்பெனியே இருக்காதுங்க ஜோஸ்லின்.”

நான் சரிங்க சார் என்றேன். எப்படி வந்தது அந்தச் சரிங்க சார்?

மார்ச் 11, புதன்

திருத்தம் எழுதி முடித்தேன். பட்டனை அமுக்கினால் மட்டுமே இனி ரத்து. சிக்னல் போனாலும் வேலை அதன் பாட்டுக்கு ஓடும். சின்னத் திருத்தம்தான். மாதக் கடைசியில்தான் வெளியிடுவார்களாம்.

மார்ச் 15, ஞாயிறு

பூசைக்குப் போனேன். ஜெபம் வரவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

அழகிரிசாமி மறுபடி அழைத்தார். குரல் இறங்கிப்போயிருந்தது.

“பையன் எங்கூடப் பேசறதில்லீங்க. நீதான் தெரியாம அமுக்கிருப்பேங்கறான். யோசிச்சுப் பாத்தா எனக்கும் அப்படித்தான் தோணுதுங்க. கையெல்லாம் நடுங்குச்சு... அமுக்கிப்போட்டனோ என்னமோ. உங்குளுக்குத் தெரியுங்களா அம்மணி?”

தெரியலீங்க என்றேன்.

தெரியலீங்க!

மார்ச் 21, சனி

வேலை போனால் போகட்டும் என்று ஆனைமலைக்குப் பஸ் ஏறிவிட்டேன். சோதனைப் போனையும் எடுத்துக்கொண்டேன். வாயால் சொன்னால் போதாது, அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

தென்னைகளுக்கு நடுவில் வீடு. நாற்காலியைத் துடைத்துப் போட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். “பட்டன அமுக்க வேண்டாங்க ஐயா, சிக்னல் போனாப் போதும், அதுவே ரத்து பண்ணீரும். பாருங்க.” வண்டி கேட்டேன். சிக்னலை அணைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட்டேன்.

திரையில் வண்டி வந்துகொண்டேதான் இருந்தது.

திரும்பச் செய்தேன். ரத்தாகவில்லை. வெளியே ஓடிப்போய் இல்யாஸுக்கு அழைத்தேன். “உன் திருத்தத்த நேத்து சாயங்காலமே வெளியிட்டுட்டாங்க ஜோஸ்லின். உனக்குச் சொல்லலியா?”

உள்ளே வந்து, அன்றைக்கு இப்படி இல்லீங்க, நான்தான் சரி பண்ணினேன், பழையதை இப்போது காட்ட முடியாது என்றேன். எனக்கே பொய் மாதிரி இருந்தது.

அவர் சோதனைப் போனை என் கையில் மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார். “அது தானா நிக்கலியே கண்ணு. பாத்தனே. என் மனசு ஆறட்டும்னு இத்தன தூரம் வந்தீங்களாக்கும். இந்தக் கெழவனுக்காவ நீங்க பொய் சொல்ல வேண்டாம்.”

பஸ் ஏறும்வரை கூடவே நின்றார்.

மார்ச் 23, திங்கள்

அவர் மகனுக்கு அழைத்தேன். “கம்பெனியில சொல்லச் சொன்னாங்களா? எழுதிக் குடுப்பாங்களா?” இல்லீங்க, நானாகத்தான் சொல்கிறேன் என்றேன். “அப்ப எங்கள உட்ருங்க” என்று வைத்துவிட்டான்.

ஏப்ரல் 1, புதன்

அலுவலகத்தில் எல்லோருக்கும் பேக்கரியிலிருந்து தேங்காய் பன். போன வாரம் ரத்துகள் பாதியாகக் குறைந்துவிட்டனவாம். கைதட்டினார்கள். என் பெயரைச் சொல்லியும் தட்டினார்கள்.

பாதி. அப்படியானால் இத்தனை நாள் ரத்தானவற்றில் பாதியை யாருமே ரத்து செய்யவில்லை.

“அவங்களுக்கெல்லாம் என்னங்க சார் பதில் போச்சு?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

மனோஜ்குமார் சார் பன் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.