குழலுக்குப் பொருந்திய குண்டு

மைல்ஸ் சிட்டி, மொன்டானா
4 ஜூன் 1974

அன்பு வெர்னா,

மூன்று கோழிகளுக்கும் ஒரு நொண்டி நாய்க்கும் சக்கரவர்த்தியான உன் சித்தப்பா எழுதுவது. இங்கே அடிக்கிற வெயிலில் நேற்றுக் கோழி அவித்த முட்டையாகவே போட்டது. உப்பு மட்டும் நான் போட்டுக்கொண்டேன்.

உன் கடிதம் கிடைத்தது. போட்டியில் உன் அப்பா சுட்டது இலக்குப் பலகையைத் தொடவே இல்லையா? அன்றிலிருந்து துப்பாக்கியைத் தொடாமல், "கை போச்சு" என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாரா? ஹால்வர் அண்ணன் கையா போகும்? பறக்கிற கொசுவுக்கு மூக்குத்தி குத்துகிற கை அது!

புது அச்சில் வார்த்த குண்டு என்று எழுதியிருக்கிறாய். குற்றம் அதில்தான். குழலில் பொறித்திருக்கும் அளவை நம்பாதே. எண்ணெய் தடவி, ஒரு ஈயக் கட்டியை உள்ளே தட்டி மறுபக்கம் எடுத்தால், குழலின் உட்புறம் வெட்டியிருக்கும் காடிகளின் அளவு கிடைக்கும். குண்டு அதைவிட ஒரு மயிரிழை பருத்திருக்க வேண்டும். தோட்டா உட்காரும் அறையிலும் அளவெடுப்பதற்கென்றே கடையில் விற்கும், எளிதில் உருகும் உலோகத்தை ஊற்றி வார்ப்பு எடு. தப்பு குண்டுடையது என்று தெரிந்தால், செப்டம்பர் போட்டியில் அண்ணன் மறுபடி நிற்பார்.

உன்,
ஆரின் சித்தப்பா


லூயிஸ்டவுன்
15 ஜூன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்! காடிகளில் குறையில்லை. ஆனால் அறையின் வாய் குறுகல், குண்டு அதைவிடப் பருமன். வார்ப்பு வெளியே வந்த சூட்டோடு அளந்துவிட்டேன், எனக்கு ஏது பொறுமை? ஓடிப்போய், "அப்பா, உங்க கை இல்ல, குண்டுதான் பெருசு!" என்றேன்.

"நெஜமாவா சொல்ற?" என்று கேட்டார். மத்தியானம் நான் சுட்ட ருபார்ப் பை பலகாரத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டார். போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

அன்புடன்,
வெர்னா


மைல்ஸ் சிட்டி
21 ஜூன்

வெர்னா,

சூட்டோடா அளந்தாய்? ஐயோ, அந்த உலோகம் என்னைவிடப் பெரிய புளுகன் அம்மா! ஆறும்போது சுருங்கிக் காட்டும். பிறகு மெல்ல உப்பும். ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து அளந்தால்தான் மெய்யான அளவு. மறுபடி எடு. அதுவரை அண்ணனிடம் மேற்கொண்டு மூச்சு விடாதே.

ஆரின்


லூயிஸ்டவுன்
30 ஜூன்

சித்தப்பா,

வார்ப்பை மேஜைமேல் வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு அளந்தேன். குண்டு, தைத்துப் போட்ட சட்டை மாதிரிப் பொருந்துகிறது. குழலில் குறையில்லை, அறையில் குறையில்லை, அச்சிலும் குறையில்லை.

அப்பா காப்பிக் கோப்பையைத் தூக்கும்போது கவனித்தேன். பாதி மேஜையில்தான் சிந்துகிறது. ஆனாலும் தினமும் தோள்பட்டைக்குப் பயிற்சி செய்கிறார். அவரிடம் போய் நான் எப்படிச் சொல்வேன்?

நீங்கள் அவருக்கு எழுதுங்கள். குழல் தேய்ந்துவிட்டது, இனி எந்தக் குண்டும் சேராது என்று. துப்பாக்கி போனது என்று நினைத்து விலகட்டும். கை போனது என்று வேண்டாம். பொய் சொல்ல உங்களைவிட ஆள் யார் இருக்கிறார்கள்?

வெர்னா


மைல்ஸ் சிட்டி
9 ஜூலை

அன்பு வெர்னா,

அண்ணனுக்கு எழுதிய சீட்டு உள்ளே இருக்கிறது. எத்தனையோ முறை எழுதிக் கிழித்தேன். கடைசியில் இவ்வளவுதான் வந்தது: "அண்ணா, குழல் தேய்ந்துவிட்டது. இனி எந்தக் குண்டும் சேராது. போட்டி வேண்டாம். ஆரின்."

சித்தப்பா


லூயிஸ்டவுன்
17 ஜூலை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சீட்டை அப்பாவிடம் கொடுத்தேன். படித்தார். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பய பொறந்ததுலேருந்து எனக்கு இப்படி நேரா ஒரு வரி எழுதினதில்ல. அழுதுக்கிட்டே எழுதியிருக்கான். அப்ப கைதான், இல்லியாம்மா?" என்றார்.

என்னிடமிருந்த வார்ப்பைக் கேட்டு வாங்கி, குண்டோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் பொருந்துது," என்றார். பிறகு துப்பாக்கியை எடுத்து மடியில் வைத்துத் தானே துடைத்தார். துணி இரண்டு முறை கீழே விழுந்தது. நான் எடுத்துத் தரவில்லை. அவரே குனிந்து எடுத்துக்கொண்டார்.

மிச்சக் குண்டுகளைப் பெட்டியில் போட்டு உங்களுக்கு அனுப்பச் சொன்னார். நான் கட்டிக்கொண்டிருந்தபோது, "இரு, இரு. ஆரினோடது பெரிய குழல். என் குண்டு அதுல லொடலொடன்னு ஆடும். துப்பாக்கியையும் சேத்தே அனுப்பிடு," என்றார்.

பெட்டி நாளை புறப்படும்.

வெர்னா