இடது பையின் அடித்தையல்

அன்புள்ள ஊர்சுற்றி மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, என் தையல் மெஷின் மூவரும் சுகம். அங்கே நீயும் உன் இரண்டு சக்கரமும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், முழங்கால்கள் எப்படி என்று மட்டும் தனியாக எழுது. மூன்றாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள். வாய் ஓயாமல் போனில் பேசுகிறவள், கூரியரில் ஒரு சின்னப் பொட்டலம் வருகிறது என்று மட்டும் சொன்னவள், கூடவே எதற்குக் கடிதம் வேறு எழுதுகிறாள் என்று முழிப்பாய். பொட்டலத்தை அப்புறம் பிரிக்கலாம், முதலில் இதைக் கடைசிவரைக்கும் படி. நீ தங்கியிருக்கிற சைக்கிள் கடைக்காரர் வீட்டில் ஓர் இடமாக உட்கார்ந்து படி, வழக்கம்போல் நின்றுகொண்டு ஒரு கையால் எதையாவது தின்றுகொண்டு படிக்காதே.

வீட்டுச் சேதி சொல்கிறேன். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, நாளைக்குப் பார்க்கிறேன் என்று அப்பா சொன்ன நாளை இன்னும் பிறக்கவில்லை. அவர் முடிவெட்டும் கடையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் நீ போகிற நாட்டின் மேப்பை ஒட்டிவைத்திருக்கிறார் அல்லவா, அதில் என் பொத்தான் டப்பாவைக் கொள்ளையடித்து, நீ போன் செய்கிற ஊருக்கெல்லாம் ஒரு சிவப்புப் பொத்தான் ஒட்டுகிறார். இருபத்திரண்டு ஆகிவிட்டது. நாற்காலியில் உட்கார்கிற எந்தத் தலையும் உன் கதையை முழுசாகக் கேட்காமல் எழுந்திருக்க முடியாது, கத்தி வைத்திருக்கிறவரிடம் போதும் நிறுத்து என்று யார் சொல்வார்கள். கூட ஒரு துணை இல்லாமல், சட்டி முதல் படுக்கிற டென்ட் வரைக்கும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு ஐந்து மாதமாகப் போகிறாள் என் மகள் என்று ஆரம்பிப்பார், கடைசியில் "அந்தப் பை நாலும் கடையில வாங்கினது இல்லைங்க, என் வீட்டுக்காரி தச்சது" என்று வந்து நிற்பார். பெருமை தாங்காமல் போன வாரம் ஒருத்தர் காதில் கீறல் விழுந்துவிட்டது, அவர் பாவம், பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே "பை ரொம்ப நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். இதை அப்பா ராத்திரிச் சாப்பாட்டில் சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன், ஆனால் சோறு இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், சொல்லாமல் குழாய் கதையும் காது கதையும் பேசி நாளைக் கடத்துகிறேன். செவ்வாய்க்கிழமை மாடி வீட்டு டீச்சர் என் கடைக்கு வந்தார். நான் வண்டி சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தேன். அவர் மகனும் சைக்கிளில் கிளம்புகிறானாம், பத்து நாள் பயணமாம், உன் கதை கேட்டுத்தான் அவனுக்குக் கிறுக்குப் பிடித்ததாம். "உங்க பொண்ணுக்குத் தச்சீங்களே, அச்சு அசல் அதே மாதிரி ஒரு ஜோடி வேணும்" என்றார். எனக்கு மிதிக்கிற கால் அப்படியே நின்றுவிட்டது. "அதே மாதிரி வேண்டாம் டீச்சர்" என்று என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது. அவர் தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தட்டின இடம் இன்னும் எரிகிறது.

கண்ணு, உன் பை கிழிந்ததற்கு நீ பாரம் அதிகமாக ஏற்றினது காரணம் இல்லை. நான்தான் காரணம். பின்பக்கத்துப் பைகள் இரண்டுக்கும் பக்கத் தையல், வார்த் தையல் எல்லாம் நைலான் நூலில் இரட்டையாகப் போட்டேன், யானையைக் கட்டி இழுத்தாலும் அசையாது. அடித்தையலை மட்டும் சட்டை தைக்கிற பஞ்சு நூலில், அதுவும் ஒற்றையாகப் போட்டேன். நூல் தீர்ந்துபோய்ப் போட்டது இல்லை, கைதவறியும் இல்லை. நீ கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், டியூப் வாங்கி வருகிறேன் என்று வெளியே போனாயே, அப்போது நைலான் நூல்கண்டைக் கழற்றிவைத்துவிட்டுப் பஞ்சு நூலை மாட்டித் தைத்தேன். நாலு மழை, நாலு வெயில் பட்டால் நைந்துவிடும், பதினைந்து நாளில் அடி விட்டுப்போகும், இவள் அலுத்துப்போய்ப் பாதி வழியில் திரும்பி வந்துவிடுவாள் என்பது என் கணக்கு. நாலரை மாதம் தாங்கியிருக்கிறது பார், என் கெட்ட எண்ணம்கூடக் கெட்டியாகத்தான் தைத்திருக்கிறது. சிரிக்கத்தான் இதை எழுதினேன், எழுதின பிறகு சிரிப்பு வரவில்லை.

போகாதே, எனக்குப் பயமாக இருக்கிறது என்று உன் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லியிருக்கலாம். நீ சண்டை போட்டிருப்பாய், நானும் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பேன், அதோடு போயிருக்கும். எனக்குத்தான் எதையும் நேராகச் சொல்லத் தெரியாதே, கேலி பண்ணித்தானே பழக்கம். போகிற வழியில் மாப்பிள்ளை கிடைத்தால் பின் சீட்டில் கட்டிக்கொண்டு வா என்று எல்லார் எதிரிலும் சொல்லி உன்னைச் சிரிக்கவைத்துவிட்டு, உள்ளே போய் இந்த வேலையைப் பார்த்தேன். பைகளைக் கையில் கொடுத்தபோது நீ ஜிப்பை இழுத்துப் பார்த்தாய், வாரைச் சுண்டிப் பார்த்தாய், அடியை மட்டும் திருப்பிப் பார்க்கவே இல்லை. அம்மா தைத்ததை யார் திருப்பிப் பார்ப்பார்கள்.

நீ அன்றைக்குப் போனில் சொன்னாயே, மலைச்சரிவில் இறங்கும்போது வலது பை அடியோடு விட்டுப்போய், சட்டியும் துணியும் ரோட்டில் உருண்டு, "சட்டி என்னை முந்திக்கிட்டுப் போயிடுச்சும்மா" என்று. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். நடுவில் போகிறபோக்கில், பின்னால் வந்த லாரிக்காரர் எப்படியோ ஒடித்துத் திருப்பிட்டார் என்று சொன்னாய். நான் மனசில் பார்த்து வைத்திருந்தது வேறு, சமதரையில் பை விழும், நீ என்னைத் திட்டிக்கொண்டே பொறுக்குவாய், அவ்வளவுதான். சரிவும் லாரியும் என் கணக்கில் இல்லை. நீ அனுப்பின போட்டோவை அப்பா பார்த்துவிட்டு "அவ்வளவு சுமை ஏத்தினா எதுதான் தாங்கும்" என்றார். நான் விரலால் பெரிசாக்கிப் பார்த்தேன், கிழிந்த ஓரத்தில் நூல் நுனி பஞ்சாகப் பிரிந்து நிற்கிறது, நைலான் அறுந்தால் அப்படி நிற்காது, அப்பாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதற்கு மேலே நீ ஒன்று சொன்னாய், "பையைப் பார்த்தவங்க தையலைக் குறை சொன்னாங்கம்மா, நான் விடல, எங்க அம்மா தையல் அப்படி விடாது, தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டேன்" என்று. அந்தப் பேச்சைக் கேட்ட காதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்.

இதை ஒளித்துவைத்தே காலத்தை ஓட்டியிருப்பேனோ என்னவோ, பொய் சொல்லக் கூடாது. ஆனால் இடது பையும் அதே நூல். நீ அடுத்து ஏறப்போவது இதைவிடப் பெரிய மலை, மூன்று நாளைக்கு வீடு வாசல் கிடையாது என்கிறாய். அதனால்தான் போன தடவை போனில், இடது பையில் துணி மட்டும் வை, கனம் வேண்டாம், இந்தப் பொட்டலம் வந்து சேராமல் கிளம்பாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஏன் என்று கேட்டாய், சைக்கிள் ஒரு பக்கம் சாயும் என்று உளறினேன். "நீ எப்ப சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்ட" என்று கிண்டல் பண்ணினாய். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், உன் சிரிப்புச் சத்தம் கேட்டதும் நாக்கு உள்ளே போய்விட்டது.

இப்போது பொட்டலத்தைப் பிரி. கோணி ஊசி இரண்டு, மெழுகு பூசின நைலான் நூல் ஒரு கண்டு. இடது பையைக் கவிழ்த்துப் போட்டு அடித்தையலை முழுசாகப் பிரித்துவிடு, பழைய நூலில் ஓர் இழைகூட மிச்சம் வைக்காதே, அதன் மேலேயே தைக்கவும் தைக்காதே. நூலின் இரண்டு நுனியிலும் ஊசியைக் கோர்த்துக்கொண்டு, ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஒன்றும் அந்தப் பக்கமிருந்து ஒன்றுமாக விட்டு இரண்டு கையாலும் இறுக்கி இழு. பழைய துளையிலேயே போ, புதுசாகக் குத்தினால் தார்ப்பாய்த் துணி கிழிந்துவிடும். அவசரப்படாதே, ஒரு பகல் பூராவும் ஆகட்டும். வலது பை கிழிந்த அன்றைக்கு வழியில் வந்த பால்வண்டிக்காரர் அதை மீன் பிடிக்கிற தூண்டில் நரம்பால் தைத்துக் கொடுத்தார் என்றாயே, அதைப் பிரிக்காதே. தையல் கோணல்தான், ஆனால் அதில் பொய் இல்லை. அவரை மறுபடி பார்க்க முடியாது என்று தெரியும், பார்த்தால் என் கும்பிடைச் சொல்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இதைக் கூரியரில் போட்டுவிட்டு வந்து, கையில் கத்தி இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லிவிடுவேன். அப்புறம் அவர் கடையில் என்ன கதை சொல்கிறாரோ சொல்லட்டும். டீச்சர் மகன் பைகளுக்கு நேற்று துணி வெட்டிப்போட்டேன், எல்லாத் தையலும் நைலான், இரட்டை, அடி மட்டும் மூன்று. எப்போது திரும்பி வருவாய் என்று இந்தக் கடிதத்தில் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை, அதனால் கேட்கவில்லை.

எந்த மேட்டிலும் மூச்சு முட்டாமல், எந்தப் பள்ளத்திலும் சறுக்காமல் நீ நன்றாக இருக்கவேண்டும். தண்ணீர் குடி. பளபளக்கிற அந்த மஞ்சள் சட்டையைப் பகலிலும் போட்டுக்கொள். இனிமேல் யார் எதைத் தைத்துக் கொடுத்தாலும் அடியைத் திருப்பிப் பார், அம்மா தைத்ததாக இருந்தாலும் பார். மறந்துவிடாதே, மலை ஏறுவதற்கு முன்னால் இடது பை. தைத்து முடித்ததும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. என்மேல் கோபமாக இருந்தால் உன் முகம் வேண்டாம், தையலை மட்டும் எடுத்து அனுப்பு, எனக்கு அது போதும்.

இப்படிக்கு,
உனக்குப் பஞ்சு நூலில் தைத்துக் கொடுத்த
அம்மா