காத்தோ பெயரில் நின்றவன்

கட்வே, கம்பாலா
3 மார்ச் 1989

ஓபோலோட்டுக்கு,

நீ என் மூத்த மகன் வஸ்வாவை இளையவன் காத்தோவின் பெயரில் நைரோபி குத்துச்சண்டை மேடையில் ஏற்றினாய். இதுதான் நீ செய்த அநியாயம். நலம் விசாரிப்பெல்லாம் பிறகு.

போன டிசம்பரில் லுசாகா மேடையில் வஸ்வா நினைவிழந்து விழுந்தபோது நீயும் நானும்தான் அவனைத் தூக்கி வந்தோம். இந்த வருடம் முழுக்கக் கையுறை தொடக்கூடாது என்றார் டாக்டர். குத்துச்சண்டை வாரியம் அவன் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டது. இரட்டைப் பிள்ளைகளுக்கு முகம் ஒன்றுதானே என்று நீ தம்பியின் லைசென்ஸைக் காட்டிவிட்டாய். உன்னிடம் பயிற்சிக்கு வந்த காத்தோ, எலும்பு முறிந்த கையோடு வீடு திரும்பித் தலைகுனிந்து நிற்கிறான். "அண்ணன் கேட்டான், குடுத்தேன்பா" என்கிறான்.

என் இறைச்சிக் கடையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. "காத்தோவின் வலது கை! மறுபடியும் வலது கை!" என்று அறிவிப்பாளன் கத்தினான். கடையே குதித்தது. நான் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தேன். காத்தோ இடதுகைக்காரன். அவனுக்குக் குத்து பழக்கியவன் நான்.

முந்தாநாள் வஸ்வா பஸ்ஸில் வந்து இறங்கினான். கட்டிலில் படுத்துக்கொண்டு, "அப்பா, டிரைவர நிறுத்தச் சொல்லு, பஸ் இன்னும் ஓடுது" என்கிறான். பச்சையாக வாந்தி எடுக்கிறான். ஒரு கண்மணி பெரிதாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் மலேரியா என்கிறார்கள். மேடையில் அடிபட்டவன் என்றேன். டாக்டர் வாரியத்துக்குப் போன் செய்து கேட்டார். வஸ்வா இந்த வருடம் சண்டையே போடவில்லை என்றார்களாம். என் சொல்லுக்கு மதிப்பில்லை. காத்தோவின் சொல்லையும், அண்ணனுக்காகப் பேசுகிறான் என்று தள்ளிவிட்டார்கள்.

நீ வந்து சொன்னால்தான் தலையைப் பார்ப்பார்கள். இதைக் கொண்டுவரும் பஸ்ஸிலேயே ஏறி வா.

செபுன்யா


ரிவர் ரோடு, நைரோபி
6 மார்ச் 1989

அன்புள்ள சலோங்கோ அண்ணனுக்கு,

வணக்கம். அண்ணி நலம்தானே? இரட்டையரின் தகப்பன் என்று ஊரே உங்களைச் சலோங்கோ என்று கொண்டாடுகிறது. அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் என்னிடமும் காட்டக்கூடாதா? எடுத்ததும் அடிதான், இளமையில் மேடையில் அடித்த மாதிரியே.

அண்ணா, நீங்கள் அந்தச் சண்டையைப் பார்த்திருக்க வேண்டும். முசியோகாவின் குத்தில் வஸ்வாவின் புருவம் கிழிந்து தொங்கியது. கண்ணுக்குள் ரத்தம். கையுறையால் துடைத்துவிட்டுச் சிரித்தான்! கயிற்றோரம் தள்ளி, தலையில் மாற்றி மாற்றி அடித்தான் முசியோகா. முன்வரிசைக்காரர்கள் சட்டையெல்லாம் ரத்தப் புள்ளி. மூலைக்கு வந்தவனிடம் நானே கேட்டேன், "போதுமாடா?" என்று. "சித்தப்பா, என் பேரா இருந்தா எப்பவோ உக்காந்திருப்பேன். தம்பி பேர தரையில போட மாட்டேன்" என்றான். போடவும் இல்லை. கடைசி மணி வரை நின்றுதான் தோற்றான்.

நான் வாய் திறந்தால் மூன்று பேருடைய லைசென்ஸும் போய்விடும். பையன்களின் பிழைப்பை நாமே கெடுப்பதா? தலைவலி வந்து போகும். ஈரத்துணி போடுங்கள்.

உங்கள் தம்பி,
ஓபோலோட்


கட்வே
9 மார்ச் 1989

ஓபோலோட்டுக்கு,

வஸ்வா பறந்துவிட்டான். இனி நீ ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியதில்லை.

செபுன்யா


நைரோபி
14 மார்ச் 1989

அன்புள்ள அண்ணனுக்கு,

படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன்! கட்டிலிலிருந்து எழுந்தவன் நேராக விமானத்திலா? நான் சொன்னேனா இல்லையா, அவன் தலை கருங்கல் என்று! எந்த ஊருக்குப் பறந்தான், லண்டனா? யார் கூட்டிப்போனது? திருட்டுப்பயல், சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள்.

மொம்பாசாவில் முசியோகாவோடு மறுபடியும் மோதக் கேட்கிறார்கள். வஸ்வாவைத் திரும்பி வரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் காத்தோவின் கை ஆறியதும் அவனை அனுப்புங்கள். இந்தமுறை காத்தோவே காத்தோவாக வரட்டும்!

உங்கள் தம்பி,
ஓபோலோட்


கட்வே
20 மார்ச் 1989

ஓபோலோட்டுக்கு,

எங்கள் ஜனங்கள் இரட்டையரில் ஒருவர் இறந்தால் இறந்தார் என்று சொல்வதில்லை. பறந்தார் என்போம். வேற்று இனத்தில் பிறந்தாலும் என் வீட்டு வாழைக்காய் மட்டோக்கேயைத் தின்று வளர்ந்த சொரோட்டிக்காரனுக்கு இந்த ஒரு சொல்லாவது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

அவன் பறந்த விதத்தைக் கேள். உடம்பு வில்லாக வளைந்தது. பல் நாக்கைக் கடித்துத் துண்டாக்கியது. கட்டிலின் இரும்புக் கம்பியை அவன் வலது கை குத்திக்கொண்டே இருந்தது. விரல் எலும்பு உடைவது எனக்குக் கேட்டது. காத்தோ அந்தக் கையைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டான். கை நிற்கும்வரை வாங்கினான். இரட்டையருக்கு அழுவது எங்கள் வழக்கமில்லை. அவன் அம்மா உடுதுணியின் நுனியை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். தன் பெயர் என்றால் உட்கார்ந்திருப்பான். நீதான் எழுதியிருக்கிறாய். முசியோகாவின் கை அவனைக் கொல்லவில்லை. நீ இரவல் கொடுத்த பெயர் அவனை உட்காரவிடாமல் நிறுத்திவைத்தது.

காத்தோ உன் மேடையில் ஏறமாட்டான். இனி நடக்க வேண்டியது இது.

நீ கம்பாலா வந்து வாரியத்தின் முன் நிற்க வேண்டும். மூலையில் அவன் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொல்ல வேண்டும். உன் லைசென்ஸை நீயே மேசைமேல் வைக்க வேண்டும். வாரியம் அந்தச் சண்டையைக் காத்தோவின் பெயரிலிருந்து எடுத்து வஸ்வாவின் பெயரில் எழுத வேண்டும். தோல்வி என்றே எழுதட்டும், அது அவனுடையது. டாக்டர் மலேரியா என்று எழுதியதை அடித்துவிட்டுத் தலையில் பட்ட அடி என்று எழுத வேண்டும். தான் அடித்தது யாரை என்று முசியோகாவுக்கு நீ நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அவன்மேல் எனக்குக் கோபமில்லை என்பதையும் சேர்த்துச் சொல். காத்தோ தன் லைசென்ஸைக் கொடுத்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்வான், பக்கத்தில் நான் நிற்பேன்.

நீ வரும்வரை நான் தினமும் வாரியத்தின் வாசலில் உட்கார வேண்டும். இன்று காலை உட்கார்ந்துவிட்டேன். இதை அங்கிருந்துதான் எழுதுகிறேன்.

சலோங்கோ செபுன்யா