கனியை லீவுக்குக் கூப்பிடுங்கள்

செட்டியார்பட்டி
10.4.1991

அன்புள்ள வேலம்மாள் மதினிக்கு,

அழகுத்தாய் வணக்கத்துடன் எழுதுவது. திருப்பூரில் நீங்களும் எங்கள் அண்ணனும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே உங்கள் அம்மாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. வாய்தான் குறையவில்லை. சோழபுரத்துப் பெரியம்மா பேத்திக்குச் சடங்கு வைத்தார்கள். நான் போகவில்லை, கையில் கட்டு. கேட்டவர்களிடம் தறியில் பட்டுவிட்டது என்று சொல்லியாயிற்று.

தறியை ஓடவிட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சத்தம் நின்றால் என்னைக் கட்டிய உங்கள் அண்ணன் என்ன ஏது என்று எழுந்து வந்துவிடுவார். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதினி, கனி இப்போது பேசுவதில்லை. ஏழு வயசுக்கு ஏழூர் வாய் என்று கேலி செய்வீர்களே, உங்கள் அந்த மருமகள்தான்.

தை மாதம் நின்ற பேச்சு எனக்கு மாசியில்தான் தெரிந்தது. பெற்றவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று ஊர் கேட்கும். தறி வீட்டில் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சத்தத்தில் யார் வாய்விட்டுப் பேசுகிறார்கள்? தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை வாய்க்கு நேரே காட்டுகிறோம். நூல் அறுந்தால் இரண்டு விரலைப் பிரித்துக் காட்டுகிறோம். பேண்டேஜ் துணி நெய்கிற வீட்டுப் பிள்ளை கையால் பேசினால் சமர்த்து என்றுதான் நினைப்போம். ஒருநாள் கம்பி மாற்றுகிறோம் என்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்திவிட்டார்கள். தெருவில் ஒரு தறி ஓடவில்லை. அப்போதும் கனி என் முன்னால் வந்து கட்டைவிரலைத்தான் காட்டினாள். வாயத் தொறந்து கேளுட்டி என்றேன். கேட்கவில்லை. தாகத்தோடு திரும்பிப் போய்விட்டாள்.

உங்கள் அம்மா வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்துப் பார்த்தார்கள். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டரிடம் காட்டினோம். காதும் தொண்டையும் நன்றாக இருக்கின்றன, பிள்ளை எதையாவது கண்டு பயந்தாளா என்று கேட்டார். உங்கள் அண்ணன் முந்திக்கொண்டு, மாடு முட்ட வந்துச்சு என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் ஆமாம் என்றேன். மாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு பஸ் ஏறினோம்.

மாடு இல்லை மதினி. பொங்கல் கழிந்த வாரம், பட்டப்பகலில், உங்கள் அண்ணன் மண்ணெண்ணெய் கேனோடு என் மேல் வந்தார். கனி தெருவில் ஓடிக் கத்தினாள். தெருக்காரர்கள் வந்து பிடித்ததால் இன்றைக்கு நான் இருக்கிறேன். அவர்கள் போன பிறகு இவர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அதைக் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை. கரண்ட் இல்லாத அன்று கொல்லையில் வைத்துக் கனியிடம் கேட்டேன். கேனைக் காட்டினாள், என்னைக் காட்டினாள், தன் வாயைப் பொத்திக்கொண்டாள். நீ பேசினா அம்மா செத்துப்போவேனாட்டி என்று கேட்டேன். தலையாட்டினாள். வாயை மூடிக்கொண்டு என்னைக் காப்பாற்றுகிறாள் மதினி, ஏழு வயதுப் பிள்ளை.

பேசாத பிள்ளைக்கு எதுக்குப் பள்ளிக்கூடம், ஜூன்லருந்து வீட்ல நூல் சுத்தட்டும் என்கிறார் உங்கள் அண்ணன். அவளைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்துவிடலாம் என்றால், இது பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. நீ உங்க அண்ணன் வீட்டுக்குப் போனா என் தங்கச்சி மறுநாளே இங்க வந்துரணும் என்று சொல்லிவிட்டார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. உங்களை மறுபடி இந்த வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டுவிட்டு நான் எங்கே போய் நிம்மதியாகச் சோறு தின்பேன்?

கல்யாணமான புதிதில் உங்களுக்குப் பேச்சு திக்கும். பெயரைச் சொல்லவே நெஞ்சைப் பிடித்துக்கொள்வீர்கள். சின்னதில் நன்றாகப் பேசின பிள்ளைதான் என்று உங்கள் அம்மா சொன்னார்கள். எப்போதிருந்து திக்கியது என்று கேட்டேன். உங்கள் அப்பா படத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கு நீங்கள் கடகடவென்று பேசுகிறீர்கள், ரேஷன் கடையில் சண்டைகூடப் போடுகிறீர்கள் என்று அண்ணன் எழுதியிருந்தான். அதனால்தான் அவனுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். அவனிடம் இப்போது சொல்லாதீர்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பான், அவன் ஊர் திரும்பிய பிறகு அடி எனக்கு விழும்.

மருமகளை லீவுக்கு அனுப்பு என்று உங்கள் அண்ணனுக்கு ஒரு கார்டு போடுங்கள். தங்கச்சி கேட்டால் மறுக்கமாட்டார். என் பெயர் அதில் வரவேண்டாம். ஜூனில் திருப்பி அனுப்பாதீர்கள், அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள். அவளுக்கு மாங்காய் பிடிக்கும், இருட்டில் படுக்க மாட்டாள். பேசு பேசு என்று நெருக்க வேண்டாம்.

உங்கள் பிள்ளைகளோடு பிள்ளையாக அவளும் இருக்க மாரியம்மன் துணை செய்வாள். என்றைக்காவது அவளாக ஒரு வார்த்தை பேசினால், கனி சுகம் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள், புரிந்துகொள்வேன். அம்மா நன்றாக இருக்கிறேன் என்று மறு தபாலில் பதில் போடுவேன். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டுங்கள். என் பதில் வரவில்லை என்றால், வந்ததாக நீங்களே ஒன்று எழுதி வாசித்துவிடுங்கள் மதினி.

இப்படிக்கு,
உங்களை நம்பியிருக்கும்
அழகுத்தாய்